யாழினிக்கு என்ன நடுப்பெயர் வைக்கலாம்? (படிவம் கொடுக்க இன்னும் இரண்டு வாரம்)

தூக்கம்தொலைத்தவள்

வணக்கம். மகள் பிறந்து 9 நாட்கள் ஆகின்றன. ஒரு கையில் அவள், மறு கையில் கைபேசி. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெயரில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. யாழினி என்று அவர் சொன்னார், நான் சரி என்றேன், முடிந்தது. நடுப்பெயரில்தான் மாட்டிக்கொண்டோம். கணவரின் பட்டியல் இது: கயல், இசை, எழில், நிலா. எல்லாமே இரண்டு, மூன்று எழுத்துக்காரர்கள். என் அம்மாவோ ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: தையல்நாயகி. அது அவருடைய அம்மாவின் பெயர். பாட்டி போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா வற்புறுத்தவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டார். அதுதான் என்னைப் போட்டுப் படுத்துகிறது.

"குழந்தையைவிடப் பெயர் நீளமாக இருக்கிறதே. பள்ளியில் ‘தையல், தையல்’ என்று கேலி செய்வார்கள்" என்பது கணவரின் கட்சி. கடைசிப் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. ‘இ’யில் தொடங்கி ‘ன்’னில் முடியும், ஐந்து எழுத்து, அதை வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

எது நன்றாக ஒட்டும்? ஓசை, பொருள், பிற்காலத் தொல்லை என எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மூன்றுபெண்களின்அப்பா

வாழ்த்துகள் அம்மா. முதல் வேலையாக எழிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அழகான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் யாழினியிலேயே ஒரு ழகரம் இருக்கிறது. ரோமன் எழுத்தில் அதற்கு இசட்டும் எச்சும் சேர்த்துப் போடுகிறோம். தமிழ் தெரியாதவர் ஒருவர் இசட்டைப் பிடித்துக்கொண்டு ‘யாசினி’ என்பார், இன்னொருவர் ‘யாஜினி’ என்பார். என் மூத்த மகள் பெயரிலும் ழ உண்டு. அவள் தன் பெயரைத் திருத்திச் சொல்லியே பாதி வயதைக் கழித்துவிட்டாள். ஒரு பெயருக்கு ஒரு ழ போதும்.

அசைபிரிப்பவன்

எனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்பதைக் காது உடனே சொல்லிவிடும். ஏன் ஒட்டுகிறது என்று சொல்ல நம்மிடம் யாப்பு இருக்கிறது. யாழினியை அசை பிரித்தால் யா, ழினி. நேர், நிரை. அதாவது கூவிளம். விளச்சீருக்குப் பின் நேரசையில் தொடங்கும் சொல் வந்தால் அது இயற்சீர் வெண்டளை. நடை தடுக்காமல் ஓடும். நிரையில் தொடங்கும் சொல் வந்தால் நிரையொன்றிய ஆசிரியத்தளை. அதிலும் குற்றமில்லை, ஓட்டம் வேறு, அவ்வளவுதான்.

இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாழினி முல்லை. யாழினி தென்றல். இரண்டிலும் இரண்டாம் பெயர் நேரில் தொடங்குகிறது, பாதம் பதிந்து நடப்பதுபோல் இருக்கிறது. யாழினி கயல், யாழினி நிலா என்று சொல்லும்போது ‘ழினி’யில் துள்ளிய நாக்கு உடனே மறுபடியும் துள்ள வேண்டியிருக்கிறது. சிலருக்கு அந்தத் துள்ளல் பிடிக்கும். எனக்குப் பெண் பெயரில் முதல் வகைதான் பிடிக்கும். இது என் காது, உங்கள் காது வேறாக இருக்கலாம்.

அடுத்து, சேரும் இடம். நடுப்பெயரின் கடைசி எழுத்தும் கடைசிப் பெயரின் முதல் எழுத்தும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பெயர்கள் தடுக்கி விழுகின்றன. உங்கள் கடைசிப் பெயர் ‘இ’யில் தொடங்குகிறது. கயல் என்றால் ‘ல்’ மேல் ‘இ’ ஏறிக்கொள்ளும். கயலி... என்று ஒரே மூச்சில் போகும். மெய்யின்மேல் உயிர் ஏறுவதைவிட இயல்பான புணர்ச்சி தமிழில் இல்லை. நிலா என்றால் இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளும், நடுவே வகரம் வந்து விலக்கிவிடும்: நிலாவி... நாயகி என்றால் இகரத்தோடு இகரம், நடுவே யகரம்: நாயகியி... சொல்லிப் பாருங்கள், வாயில் கொழகொழவென்று ஆகும்.

ஆகவே என் ஓட்டு முல்லைக்கு இல்லை (ஐகார ஈறு, அங்கேயும் யகரம் வரும்), தென்றலுக்கு. நேரில் தொடங்குகிறது, ஒற்றில் முடிகிறது. இரு பக்கமும் ஒட்டுகிறது.

வெட்டிப்பேச்சு

ஐயா, பெயர் வைக்கிறோமா, வெண்பா பாடுகிறோமா?

அசைபிரிப்பவன்

பாடத்தான் வேண்டும். குழந்தை பேச்சுக் கேட்காத நாளில் முழுப்பெயரையும் வாசலிலிருந்து பாடுவீர்கள். அன்றைக்குத் தளை தட்டினால் தெரியும்.

பொருள்தேடி

ஓசையை விடுங்கள், ‘இசை’யை யாரும் கவனிக்கவில்லையா? யாழினி என்பதை யாழ், இனி என்றும் பிரிக்கலாம். அதற்குப் பின் இசை வந்தால் "யாழ்! இனி இசை!" என்று யாரோ மேடையில் உத்தரவிடுவதுபோல் இருக்கிறது. பெயரா கட்டளையா? போதாக்குறைக்கு யாழ் என்ற சொல்லுக்குள்ளேயே இசை இருக்கிறது, அதே இனிப்பை இரண்டு தடவை பரிமாறுவானேன்.

இதைத் தொடர்ந்து யாராவது ‘குழலி’ என்று சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். குழலும் யாழும் சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரே குறள்தான் நினைவுக்கு வரும். பொருத்தம் பொருத்தம் என்று ஊரே சொல்லும். ஆனால் பெயரில் வரும் குழலி கூந்தலை உடையவள். புல்லாங்குழலை நினைத்து வைத்தால், பெயரோ தலைமுடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மேலும் இரண்டாவது ழ. மூன்று பெண்களின் அப்பா மன்னிக்க மாட்டார்.

தையல்நாயகி பற்றி ஒரு சொல். தையல் என்றால் பழந்தமிழில் பெண், அழகு. ஊசி நூல் மட்டுமே இன்று நம் நினைவுக்கு வருவது அந்தச் சொல்லின் குற்றமில்லை. பெண்களின் தலைவி என்று பொருள் கொள்ளலாம். யாழினி என்ற நேற்றைய பெயருக்குப் பக்கத்தில் இந்தப் பழைய பெயர் நிற்பது எனக்கு அழகாகவே படுகிறது. புதிய சட்டைக்குப் பழைய வெள்ளிப் பொத்தான் வைத்ததுபோல.

வெட்டிப்பேச்சு

பொத்தான் என்றதும் கேட்கிறேன், ‘யாழினிக் கயல்’ என்று ஒற்று போட வேண்டுமா?

அசைபிரிப்பவன்

வேண்டாம். உயர்திணைப் பெயருக்குப் பின் வல்லினம் வந்தால் இயல்பாகவே நிற்கும் என்பது நன்னூல் விதி. ஒற்றைப் போட்டால் யாழினி வளர்த்த மீன் என்று ஆகிவிடும்.

பெயர்ப்பட்டியல்

விமானப் பயணச்சீட்டுப் பதியும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஓசை, தளை எல்லாம் எனக்குத் தெரியாது. பெயர்கள் எங்கே உடைகின்றன என்று தெரியும்.

கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தில், அடியில் இரண்டு வரி எழுத்துகள் இருக்கும். இயந்திரம் படிப்பதற்கானவை. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் முதல் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக் குறிக்கும் போய்விடும். மிச்சம் 39 இடங்களில் முழுப்பெயரும் அடங்க வேண்டும். முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு கூர்க்குறிகள் (<<), பிறகு மற்ற பெயர்கள், அவற்றுக்கு இடையே ஒவ்வொரு கூர்க்குறி. இதில் கவனிக்க வேண்டியது: நடுப்பெயர் என்று தனி இடமே அங்கு கிடையாது. முதல் பெயரும் நடுப்பெயரும் ஒரே குவியலில் கிடக்கும். பயணச்சீட்டில் பல சமயம் அந்த இடைவெளியும் போய், யாழினிகயல் என்று ஒட்டிக்கொண்டு வரும். பார்த்ததும் பதறாதீர்கள், அது பிழையில்லை.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் நடுப்பெயர் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இருக்காது. ஓர் ஆவணத்தில் ஒரு சொல்லாக இருக்கும், இன்னொன்றில் இரு சொல்லாக. என் பெயரே அப்படித்தான். என்னைப் பள்ளியில் சேர்த்த நாளில் யாரோ ஒருவர் நடுப்பெயரை முதல் எழுத்தாகச் சுருக்கிவிட்டார். அந்த ஒரு புள்ளிக்காக நான் எழுதிக்கொடுத்த உறுதிமொழிக் கடிதங்களைத் தைத்தால் ஒரு போர்வை ஆகும்.

எனவே எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். தையல்நாயகி ஒரு சொல்லா இரு சொல்லா என்று இன்றே முடிவெடுங்கள். ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு சாகும்வரை மாற்றாதீர்கள்.

தூக்கம்தொலைத்தவள்

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் தூங்கினாள்.

எண்ணிப் பார்த்தேன். ரோமன் எழுத்தில் யாழினி 7, தையல்நாயகி ஒரே சொல்லாக 13, எங்கள் கடைசிப் பெயர் 8. இடையே மூன்று கூர்க்குறிகள். மொத்தம் 31. இன்னும் 8 இடம் மிச்சம்! கணவரிடம் காட்டினேன். "இடம் இருக்கிறது என்பதற்காக வீட்டில் யானை வளர்ப்பார்களா?" என்றார்.

இசையும் எழிலும் போய்விட்டன. கயல், தென்றல், தையல்நாயகி மூன்றும் மேசைமேல் இருக்கின்றன.

ஒரு புதுச் சிக்கல். நேற்று மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எங்கள் அம்மாவுக்கும் ஒரு பெயர் இருந்தது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெயர் பொன்னம்மாள்.

இப்போது என்ன செய்வது?

மூன்றுபெண்களின்அப்பா

ஓடிவிடுங்கள்.

பழங்கதைப்பெட்டி

இதே சிக்கல் ஓர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வீட்டிலேயே நடந்திருக்கிறது. 33ஆம் தலைவரான ஹாரி எஸ். ட்ரூமன். ஒரு தாத்தா பெயரில் ஷிப் என்று இருந்தது, மற்றொரு தாத்தாவின் பெயர் சாலமன். பெற்றோர் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் வைத்துவிட்டார்கள். அது எந்தப் பெயருக்கும் சுருக்கம் இல்லை. இரண்டு தாத்தாக்களும் தங்களுடையது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எஸ் உண்டு. 18ஆம் தலைவர் யுலிசஸ் எஸ். கிராண்ட். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹைரம் யுலிசஸ் கிராண்ட். முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘கட்டியணை’ என்று வரும். இராணுவப் பயிற்சிக்குப் போகும் பையனுக்கு இது எப்படி இருக்கும்! 1839இல் அவரைப் பரிந்துரைத்தவர் பெயரைத் தவறாக யுலிசஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட, அந்தப் பிழையே கடைசிவரை நிலைத்துவிட்டது. பெயர்ப்பட்டியல் அவர்கள் சொல்வது சரிதான், படிவத்தில் விழுந்தது விழுந்ததுதான். உங்கள் மூன்று முதல் எழுத்துகளையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், தமிழிலும் ரோமனிலும்.

பெண்களில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1815இல் பிறந்த ஏடா லவ்லேஸ். கணினி நிரலாக்கத்தின் வரலாறு பேசுவோர் முதலில் சொல்லும் பெயர். அவருடைய முழுப்பெயரில் முதலில் நிற்பது அகஸ்டா. அது அவர் தந்தையின் சகோதரி பெயர் (தந்தை ஒருவர், தாய் வேறு). அகஸ்டா ஏட்டோடு நின்றது, உலகம் கூப்பிட்டதோ இரண்டாவதாக நின்ற ஏடாவை. நடுவில் வைக்கும் பெயர் நடுவிலேயே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நாளைக்கு உங்கள் மகள் யாழினியை ஒதுக்கிவிட்டு ‘நாயகி’ என்று கையெழுத்துப் போடலாம்.

வெட்டிப்பேச்சு

தலைமேல் கைவைத்துச் சொல்கிறேன், விடை கண்முன்னால் இருக்கிறது. பொன்னம்மாளிலிருந்து பொன், தையல்நாயகியிலிருந்து நாயகி. பொன் + நாயகி = பொன்னாயகி! இரண்டு பாட்டிகளும் அடக்கம், நீளமும் பாதி.

அசைபிரிப்பவன்

முதன்முறையாக உங்களோடு உடன்படுகிறேன். புணர்ச்சியும் சரி. னகரத்தின் முன் வந்த நகரம் னகரமாகும். பொன், னா, யகி: நேர், நேர், நிரை. யாழினிக்குப் பின் நேரசைத் தொடக்கம். பிரமாதம்.

நடுப்பெயரைஒளித்தவள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு நடுப்பெயர் வரகுணவல்லி. முதல் பெயர் இரண்டே எழுத்து. அந்தக் கேலியை அனுபவித்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது புதிதாக வந்த ஆசிரியை முழுப்பெயரையும் படித்துவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து ‘வரகு’ என்றார்கள், ‘தினை’ என்றார்கள், ஒருவன் ‘கேழ்வரகு’ என்றான். எத்தனை நாள் தெரியுமா? இரண்டு வாரம். அதற்குப் பின் வகுப்பில் வேறு ஒருவனுக்கு மூக்குக் கண்ணாடி வந்தது, என்னை மறந்துவிட்டார்கள். கேலி செய்ய நினைப்பவனுக்கு நிலா என்ற பெயரும் போதும். ‘அமாவாசை’ என்பான்.

ஆனாலும் கல்லூரி முடியும்வரை அந்தப் பெயரை ஒளித்தேன். ஏன் என்று இப்போது யோசித்தால், அது யாருடைய பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. படிவத்தில் வரும் ஒரு நீளமான சொல், அவ்வளவுதான். அது கொள்ளுப்பாட்டி பெயர் என்பதே இருபத்துமூன்று வயதில், அப்பா எதையோ தேடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் தெரியும். அவரைப் பற்றி ஒரே ஒரு கதைகூட வீட்டில் மிச்சம் இல்லை. அவர் உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாத ஒருத்தியின் பெயரை நான் சுமக்கிறேன். இன்று அது என் வங்கிக் கணக்கின் இரகசியக் கேள்விக்கு விடையாகப் பயன்படுகிறது. உண்மையில் அதற்கு அருமையான பெயர், யாராலும் ஊகிக்க முடியாது.

அதனால் என் கேள்வி ஒன்றுதான். தையல்நாயகி பற்றி உங்களிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் தென்றலே மேல்.

பொன்னாயகி பற்றி: அழகான பெயர். ஆனால் அப்படி ஒருத்தி இருந்ததில்லையே.

தூக்கம்தொலைத்தவள்

கடைசி வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பொன்னாயகியை நேற்று இரவே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரு அது?" என்றார். மாமியாரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். இரண்டு பாட்டிகளையும் வைக்கப் போய், இருவருக்கும் தெரியாத மூன்றாவது பாட்டி ஒருத்தியை உண்டாக்கியிருக்கிறேன்.

சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது.

பாட்டி பெயருக்கு ஏற்றபடியே தையல்காரி. பெயரைப் பார்த்து வேலைக்குப் போனாரா, வேலை வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டதா என்று தாத்தா கேலி செய்வார். அவருடைய தையல் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பிஸ்கட் வந்த தகரப் பெட்டிதான். மூடியின் உட்புறத்தில், வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றை ஒட்டி, பென்சிலால் தன் பெயரை எழுதியிருக்கிறார். ‘தையல்’ பெரிதாக, சாவகாசமாக இருக்கிறது. ‘நாயகி’க்கு வரும்போது பட்டை முடியப் போவது தெரிந்து எழுத்துகள் நெருங்குகின்றன. ‘கி’க்கு இடமே இல்லை. அதை விட்டுவிடவும் மனமில்லாமல், பட்டைக்கு வெளியே தகரத்தின் மேலேயே ஊசியால் கீறியிருக்கிறார். துருவேறி அந்தக் ‘கி’ மட்டும் பழுப்பாக நிற்கிறது.

இதை இங்கே தட்டச்சு செய்யும்போதுதான் கவனிக்கிறேன், அவர் ‘தையல்’ என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம். பெட்டிக்கு அது போதுமே.

பொருள்தேடி

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தியிலிருந்து வந்ததுதான். நான் சொல்ல வந்தது அவ்வளவே.

அசைபிரிப்பவன்

நான் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். நான்கு அசை கொண்ட சொல், வெண்பாவில் அந்தச் சீருக்கு இடமில்லை. உங்கள் மகள் வெண்பாவுக்குள் குடியிருக்கப் போவதில்லை. முதல் இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது: யாழினிக்குப் பின் ‘தை’, நேரசை. பின்னால் இகரத்தோடு இகரம் முட்டுவது முட்டட்டும். மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லும் சந்தர்ப்பம் வாழ்நாளில் எத்தனை முறை வரும்? நான் முன்பு சொன்னதெல்லாம் கூப்பிடும் பெயருக்கான சோதனை. நடுப்பெயரைக் கூப்பிடுவதில்லை. நீளத்தைக் குறையாகச் சொன்னவர்கள் எல்லோருமே, நான் உட்பட, அதை மறந்துவிட்டோம்.

மூன்றுபெண்களின்அப்பா

அதெல்லாம் சரி, பொன்னம்மாள் என்ன ஆனார்? மாமியார் கணக்கு இன்னும் தீரவில்லை. ஒரு பாட்டியை வைத்துவிட்டு இன்னொரு பாட்டியை விட்டால் அது குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாளில் வெடிக்கும். அனுபவம் பேசுகிறது.

பழங்கதைப்பெட்டி

இரண்டையும் வைக்கலாமே. நடுப்பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 31 இடத்தோடு பொன்னம்மாள் சேர்ந்தால்...

பெயர்ப்பட்டியல்

தயவுசெய்து வேண்டாம். பொன்னம்மாள் ரோமன் எழுத்தில் 9, கூர்க்குறியோடு 10. மொத்தம் 41. 39க்கு மேல் போனால் அந்த வரியில் பெயரைக் கத்தரிப்பார்கள். கத்தரித்த பெயரோடு என் மேசைக்கு வராதீர்கள்.

தூக்கம்தொலைத்தவள்

மூன்று நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். குழந்தைக்குச் சளி, இப்போது தேவலை.

மாமியாரிடம் நேராகவே பேசினேன். கணவரைத் தூது அனுப்பவில்லை, அவர் போனால் கயலோடு திரும்பி வருவார். நடுப்பெயரைப் பாட்டி பெயராக வைக்க ஆசை, இரண்டு பெயரையும் வைக்க இடமில்லை, என்ன செய்யலாம் அத்தை என்று கேட்டேன். தகரப் பெட்டியையும் எடுத்துக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த ஒரு கொக்கியை எடுத்து, இது இப்போது கிடைப்பதில்லை என்றார். பிறகு, "அந்த நடுப்பெயரை வீட்டில் யார் கூப்பிடுவது?" என்று கேட்டார்.

யாரும் கூப்பிட மாட்டோம் அத்தை, ஏட்டில்தான் இருக்கும் என்றேன்.

"அப்படியென்றால் ஏட்டில் உன் பாட்டி இருக்கட்டும். நான் இவளைப் பிறந்த அன்றிலிருந்து பொன்னு என்றுதானே கூப்பிடுகிறேன். நீ கவனிக்கவில்லையா?"

கவனிக்கவில்லை. எல்லாக் குழந்தையையும் கொஞ்சுகிற ‘பொன்னு’ என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஏட்டில் தையல்நாயகி, வாயில் பொன்னு. யாழினி என்று கூப்பிடுவது நானும் அவரும் மட்டும்தான் போலிருக்கிறது. கணவர் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அடுத்த குழந்தைக்குக் கயல்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த குழந்தையா என்று நான் கேட்டேன். அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது.

வெட்டிப்பேச்சு

பொன்னாயகி இனி என்னுடையது. எங்கள் வீட்டுப் பூனைக்கு வைக்கிறேன்.

நடுப்பெயரைஒளித்தவள்

அந்த மூடியைப் படம் எடுத்து வையுங்கள். பென்சில் அழிந்துவிடும்.

பெயர்ப்பட்டியல்

வாழ்த்துகள். இப்போது முக்கியமான கேள்வி: ஒரு சொல்லா, இரு சொல்லா?

தூக்கம்தொலைத்தவள்

ஒரே சொல், இடைவெளி இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். படிவம் இன்று காலை போய்விட்டது. ரோமன் எழுத்தில் ‘கி’க்கு ஜியா, கேயா என்று பத்து நிமிடம் தகராறு. ஜி வென்றது. சுவரில் ஒட்டியாகிவிட்டது.